பதினான்கு நட்டு

மூன்றாவது சிலிண்டரில் மட்டும் துரு இல்லை.

மற்ற மூன்றிலும் இருந்தது. மூன்று வருடம் ஓடாமல் கிடந்த எஞ்சினைத் திறந்தால் என்னவெல்லாம் இருக்குமோ அத்தனையும் இருந்தது: சுவர்களில் செம்பழுப்புத் திட்டுகள், பிஸ்டன்களின் தலையில் பொருக்குத் தட்டிய கரி, கழுவாத தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து கிளம்புகிற பாசி நெடி. மூன்றாவது மட்டும் அப்போதுதான் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல மினுங்கியது. அவள் விரலை விட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வெதுவெதுப்புதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வெல்டரே, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

பக்கத்து ஷெட் வெல்டர் ஆயில் டின் மேல் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எஞ்சினை மூடியிருந்த பழைய இரும்பு ஹெட்டை அவரும் அவளுமாகத்தான் இப்போது தூக்கிக் கீழே வைத்திருந்தார்கள். "அக்கா, இந்த இரும்பத் தூக்கினதுலயே என் இடுப்பு ரெண்டா வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு. இத ஒட்டவைக்க என் ராடு பத்தாது. இன்னும் எதையாவது தொடச் சொன்னீங்கன்னா நீங்களே தூக்கிக்கிட்டுப் போய் வீட்டுல விடணும்."

சொல்லிக்கொண்டே எழுந்து வந்து விரலை விட்டார். உடனே எடுத்துக்கொண்டார்.

"வெயில் பட்டிருக்கும்" என்றார்.

காலையிலிருந்து வெயிலே இல்லை. வானம் ஈயத் தகடு போட்டு மூடியதுபோல இருந்தது. அதை அவரும் அறிவார், அவளும் அறிவாள். வெல்டர் விரலைப் பேன்ட்டில் துடைத்தார். பேசிக்கொண்டே மறுபடி துடைத்தார். வாசல்வரை போய், அங்கிருந்த சாக்கில் ஒருமுறை துடைத்தார்.

"லீவு நாளு அக்கா. வரிசையில ஒரு ஷெட்டும் திறக்கல. நீங்களும் பூட்டிட்டுக் கிளம்புங்களேன். மழை வேற வரப்போகுது."

"நாளைக்குக் காலையில லாரி வந்துடும். அதுக்குள்ள இது தன் கால்ல நின்னாகணும்."

"உங்கண்ணி நொறுக்கச் சொன்ன வண்டி. நொறுக்கட்டுமே. உங்களுக்கு எதுக்கு இந்த வீம்பு?"

"வீம்புதான். உங்களுக்கு இடுப்பு இருக்கிற மாதிரி எனக்கு வீம்பு இருக்கு. போயிட்டு வாங்க."

அவர் சிரித்துவிட்டுப் போனார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது, சரளைக் கல்லில் டயர் நொறுநொறுத்துக்கொண்டு போவது கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அவளை எல்லோரும் டிப்போ அக்கா என்பார்கள். பத்தொன்பது வருடம் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரிவில் இருந்தவள். பொம்பளைக்கு ஸ்பேனர் எதற்கு என்று முதல் மாதம் கேட்டவர்கள், இரண்டாம் வருடம் தங்கள் சொந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். டிப்போ வேலையை விட்டபிறகு இந்த வரிசையின் கடைசி ஷெட்டை எடுத்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அண்ணன் சாகும்வரை.

இந்தக் கார் அண்ணனுடையது. உருண்டை முகமும் தவளைக் கண் விளக்குகளுமாக, அவர்கள் பிறப்பதற்கு முன்பே ரோட்டில் ஓடிய வண்டி. அதன் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் கீழே, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே இருக்கும். அதனால் மேலே உட்காரும் ஹெட்டில் நுணுக்கம் எதுவும் கிடையாது. நான்கு குழிகளும் நான்கு பிளக் துளைகளும் கொண்ட கனத்த தகடு அது. சட்டிக்கு மூடி மாதிரி. பிளாக்கில் நடப்பட்ட பதினான்கு மரைத் தண்டுகள், ஸ்டட்டுகள், அதைத் துளைத்து மேலே வரும், பதினான்கு நட்டுகள் அதை அழுத்திப் பிடிக்கும். அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் புதுக் கேஸ்கட் கடைசியாக வைத்து முறுக்கிக் கொடுத்தவள் அவள். பதினோராம் நாள் சாயங்காலம் அண்ணன் தன் வீட்டுக் கார் ஷெட்டில், ஓடுகிற எஞ்சின் மேல் கவிழ்ந்து செத்துக் கிடந்தான். நீள ஸ்க்ரூடிரைவரின் முனை எஞ்சினில் ஊன்றியிருக்க, அதன் கைப்பிடி அவன் காதில் இருந்தது. மெக்கானிக்குகள் எல்லோரும் அப்படித்தான் எஞ்சினுக்குள் கேட்பார்கள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஊர் அதோடு விடவில்லை. கேஸ்கட் சரியாக உட்காராமல் புகை கசிந்து ஆளை மயக்கிவிட்டது என்று ஒருவர் சொல்ல, தங்கச்சி கைவைத்த எஞ்சின்தான் அண்ணனைக் கொன்றது என்று வாய்க்கு வாய் மாறி, கடைசியில் அவளிடம் வருகிற வண்டிகள் பாதியாகக் குறைந்தன. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் முன்னால்தான் ஆள் விட்டு வண்டியைக் கட்டி இழுத்துவந்து இங்கே விட்டாள். லாரி வரும்வரை உன் ஷெட்டில் கிடக்கட்டும், தொடாதே, அப்படியே நொறுக்கப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

தொடாதே என்ற ஒரு சொல்தான் அவளைத் தொட வைத்தது.

அவள் கணக்கு எளிமையானது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் தன் கேஸ்கட் கசிந்ததா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இன்று காலை பார்த்தாயிற்று. கசியவில்லை. கரிக்கோடு ஒன்றுகூட இல்லாமல் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. இரும்பு ஹெட்தான் மூன்றாவது குழிக்குமேல் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது, அதுவும் உள்ளிருந்து வெளியே. எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே வரவழைத்து வைத்திருந்த புது அலுமினியம் ஹெட் இப்போது கைகொடுத்தது. இரும்பில் பாதி எடைகூட இல்லை. சூட்டைச் சட்டென்று விடும். நாளைக் காலை லாரிக்காரன் முன்னால், அண்ணி முன்னால், வேடிக்கை பார்க்க வருகிற அத்தனை பேர் முன்னாலும் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே வருவாள். அப்புறம் யாராவது வாயைத் திறக்கட்டும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. காலையில் பழைய நட்டுகளைக் கழற்றும்போது கவனித்தாள். ஸ்டட்டுகள் துருப்பிடித்திருந்தன. நட்டுகள் துருப்பிடிக்கவில்லை. அவற்றின் ஆறு மூலைகளும் மழுங்கி, புழங்கிப் புழங்கித் தேய்ந்த காசுபோலப் பளபளத்தன. மூன்று வருடம் யாரும் தொடாத நட்டுகள்.

பிளாக்கின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, மெல்லிய தகட்டை அடியில் விட்டு மேடு பள்ளம் பார்த்தாள். சமமாக இருந்தது. பிஸ்டன் ரிங்குகள் கசிகின்றனவா என்று பார்க்க நான்கு சிலிண்டர்களிலும் ஒரு விரற்கடை மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஊற்றிவிட்டு வெறுமனே நிற்பது வழக்கம், நின்றாள். தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன, ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல். மண் நனைகிற வாசனை ஷட்டருக்கு அடியில் புகுந்து மண்ணெண்ணெய் நெடியோடு கலந்தது. முதல் சிலிண்டரில் மட்டம் இறங்கவில்லை. இரண்டாவதில் ஒரு நூல் இறங்கியிருந்தது. நான்காவதிலும் அப்படியே. மூன்றாவதில் மண்ணெண்ணெய் மெதுவாகக் குழிந்தது, நடுவில் சின்னச் சுழி ஒன்று விழுந்தது, மடக்கென்று ஒரு சத்தம்.

தொண்டை செய்கிற சத்தம். தாகத்தில் குடிக்கும்போது கேட்குமே, அது.

அவள் அப்படியே நின்றாள். காற்று அடைத்திருக்கும், வால்வு இடுக்கில் இறங்கியிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். தன் குரல் ஷெட்டுக்குள் தனியாகக் கேட்டது பிடிக்கவில்லை. ஆயில் தொட்டியின் அடிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். இறங்கிய மண்ணெண்ணெய் அங்கே வந்திருக்க வேண்டும். பழைய ஆயில்தான் வடிந்தது, மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் வரவில்லை.

பயம் வந்தது. வந்ததை அவள் மறைக்கவில்லை, மறைக்க அங்கே ஆளும் இல்லை. ஆனால் அவளுக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இருட்டு அறையில் ஏதோ இருக்கிறது என்றால் மற்ற பிள்ளைகள் வெளியே ஓடுவார்கள். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். 'என் ஷெட்டு இது' என்று நினைத்துக்கொண்டாள். துணியால் நான்கையும் ஒற்றி எடுத்தாள். மூன்றாவதில் துணியை விடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதுக் கேஸ்கட்டை ஸ்டட்டுகளின் வழியாக இறக்கினாள். அலுமினியம் ஹெட்டைத் தனியாளாகவே தூக்கினாள். கைக்குழந்தையின் கனம்தான் இருந்தது. தடையில்லாமல் வழுக்கி இறங்கி, மெத்தென்று உட்கார்ந்தது. அலுமினியம் மென்மையான உலோகம், நட்டு நேரடியாக அழுத்தினால் குழிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தடித்த வாஷர் போட்டுப் புது நட்டுகளைக் கையால் ஏற்றினாள். பிறகு டார்க் ரெஞ்சை எடுத்தாள். அவளிடம் இருந்ததிலேயே மரியாதையான கருவி அதுதான். எவ்வளவு பலம் வேண்டுமோ அதைக் கைப்பிடியில் வைத்துவிட்டால், நட்டு அந்த அளவை எட்டியதும் 'டிக்' என்று சொல்லிவிடும். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், மூன்று சுற்று, சுற்றுக்குச் சுற்று பலம் கூட்டி. அவசரப்பட்டால் ஹெட் கோணிக்கொள்ளும்.

முதல் சுற்று. டிக். டிக். டிக். பதினான்கு.

இரண்டாவது சுற்று. நடு நட்டில் ரெஞ்சைப் போட்டு இழுத்தாள். டிக்.

டிக்.

அவள் ஒருமுறைதான் இழுத்திருந்தாள்.

அடுத்த நட்டு. டிக். கையை நிறுத்தினாள். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், ஹெட்டுக்கும் அடியில், மெதுவாக, யோசித்துப் பழகுவதுபோல: டிக்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. முதலில் கொஞ்சம் பிந்தி வந்தது, போகப்போகச் சேர்ந்தாற்போல வந்தது. ஒன்பதாவது நட்டுக்கு அவள் இழுக்கும் முன்பே வந்துவிட்டது.

"யாரு?" என்றாள்.

கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

மூன்றாவது பிளக் துளை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பிளக் இன்னும் போடவில்லை. அந்தத் துளையிலிருந்து காற்று வந்து முழங்கை மயிரை அசைத்தது. நின்றது. உள்ளே போனது. நின்றது. மறுபடி வந்தது. மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. அவள் கட்டைவிரலால் துளையை அடைத்தாள். காற்று பிடிக்கிறதா என்று பார்க்க எந்த மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான், கை தானாகச் செய்துவிட்டது. பிஸ்டன்களை அசைக்கும் கிராங்க்கைச் சுற்ற ஆள் இல்லை. எஞ்சின் அசையவில்லை. ஆனாலும் உள்ளே இழுத்தது. விரல் நுனி உறிஞ்சப்பட்டு, தோல் குவிந்து, ஈரமாக, சூடாக, சொரசொரப்பாக ஏதோ ஒன்று அடியிலிருந்து மெல்ல நக்கியது.

விரலைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் மேசையில் முட்டினாள். ஸ்பேனர்கள் சரிந்து விழுந்தன. விரல் நுனியில் கிரீஸும் கரியும் இல்லை. இருபது வருடமாகப் போகாத நகக்கண் கறுப்பும் போயிருந்தது. குழந்தையின் விரல்போல வெளுத்திருந்தது.

போன் அடித்தது. அவள் கத்திவிட்டாள்.

அண்ணி.

"எங்க இருக்க?"

"ஷெட்டுலதான். உங்க வண்டியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"தொடாதேன்னுதானே சொன்னேன்."

"தொட்டாச்சு. ஹெட்டு விரிசல் விட்டிருந்துச்சு அண்ணி. எடுத்துட்டு அலுமினியம் போட்டுட்டேன்."

எதிர்முனையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"அந்த இரும்ப எடுத்துட்டியா?"

"ஏன், என்ன?"

"உங்கண்ணன் தினம் சாயங்காலம் வண்டியத் துடைக்கப் போறேன்னு போவாரே. துடைக்கப் போகலடி. முறுக்கப் போவாரு. காலையில தளர்ந்து கிடக்கும்பாரு, சாயங்காலம் முறுக்குவாரு. நான் கிறுக்குன்னு நினைச்சேன். அவரு போனதும் ஒரு நாள் போய்ப் பாத்தேன். தளர்ந்துதான் இருந்துச்சு. ஒண்ணு என் கண்ணு முன்னாலயே திரும்புச்சு. அன்னைலருந்து நான்தான். மூணு வருஷம். ஒரு நாள் விடல. என் கையப் பாத்திருக்கியா நீ?"

பார்த்திருந்தாள். போன மாதம் தண்ணீர்ச் சொம்பை நீட்டிய கை. உள்ளங்கையில் வரிசையாகக் காய்ப்பு. வீட்டு வேலை என்று நினைத்திருந்தாள்.

"முடியல. தோளு விட்டுப்போச்சு. அதான் மொத்தமா நொறுக்கட்டும்னு... உங்கிட்ட அனுப்பினேன், பத்து நாளும் விடியறதுக்கு முன்னாடி வந்து முறுக்கிட்டுத்தான் போனேன். உன் ஷெட்டு சாவி ஒண்ணு உங்கண்ணன் பெட்டியில இருந்துச்சு."

"அண்ணி." அவளுக்குக் காது அடைத்தது. பயத்தால் அல்ல. "ஊரே என்னைச் சொன்னப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"என் கைதான் அவனக் கொன்னுச்சுன்னு ஒவ்வொருத்தனும் சொன்னான். நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"அங்கதான் இருந்தேன்" என்றாள் அண்ணி. அழவில்லை. "நிஜத்தச் சொன்னா என்னைப் பைத்தியம்பாங்க. உன்னைச் சொன்னா உன்னைத்தானேன்னு விட்டுட்டேன். தப்புதான். நான் இப்பவே வரேன். ரெண்டு பேருமா அந்த இரும்பத் தூக்கி வெச்சிடலாம். அது கூப்பிட்டா மட்டும் கேக்காத. அவரு காது கொடுத்துக் கேட்டாரு, அதான்..."

"வராதீங்க."

"ஏய், சொல்றதக் கேளு!"

"மூணு வருஷம் நீங்க சும்மா இருந்தீங்கல்ல, இன்னும் ஒரு நாளு சும்மா இருங்க. நான் பூட்டினத நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தாள். ரெஞ்சை எடுத்து, மிச்சமிருந்த நட்டுகளை முடித்து, மூன்றாவது சுற்றையும் முழுப் பலத்தில் முறுக்கினாள். ஒவ்வொரு டிக்குக்கும் அடியிலிருந்து பதில் வந்தது. வரட்டும். நான்கு பிளக்குகளையும் இறுக்கினாள். எஞ்சினுக்குப் புது ஆயிலும் ரேடியேட்டருக்குத் தண்ணீரும் ஊற்றினாள். பாட்டரியைச் சேர்த்தாள். உள்ளே என்ன இருந்தாலும் அது இருக்கிற இடம் எரிகிற இடம். நிமிடத்துக்கு ஆயிரம் தடவை தீப்பிடிக்கிற இடம்.

"குடிச்சியே, இப்ப சாப்பிடு" என்று சொல்லி ஸ்டார்ட்டரை அழுத்தினாள்.

எஞ்சின் இருமியது. இருமியது. பிடித்துக்கொண்டது.

மூன்று கால் நாய் மாதிரி நொண்டிக்கொண்டு ஓடியது. மூன்றாவது எரியவில்லை. பெட்ரோலைக் கூட்டினாள். நீலப் புகை ஷெட்டை நிறைத்தது. எட்டிப்போய் ஷட்டரைத் தூக்கிவிட்டாள், மழைச் சாரல் முகத்தில் அறைந்தது. திரும்பி வந்து இன்னும் கூட்டினாள். சட்டென்று உள்ளே ஒரு அலறல். பெல்ட் அப்படிக் கத்தும், புது பேரிங் அப்படிக் கத்தும். ஆனால் எந்த பெல்ட்டும் கத்திக்கொண்டே மூச்சு வாங்காது. பிறகு மூன்றாவதும் பிடித்தது. நான்கும் சேர்ந்து, பிசிறில்லாமல், அண்ணன் கனவில்கூடக் கேட்டிராத சுத்தத்தோடு எஞ்சின் பாடியது.

அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. "பாத்தியா!" என்று கத்தினாள், யாரிடமென்று தெரியாமல். ஊரிடம். அண்ணியிடம். அடியில் கிடப்பதிடம்.

கால் மணி நேரம் ஓடவிட்டாள். சூடு ஏறியது. அணைத்தாள்.

அலுமினியத்துக்கு ஒரு விதி உண்டு. இரும்பைவிட அதிகம் விரியும், அதிகம் சுருங்கும். அதனால் முதல் சூடு ஆறியபிறகு ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஆறுவதற்காகக் காத்திருந்தாள். உலோகம் சொடுக்குப் போட்டது. டிக். சூடான எஞ்சின் ஆறும்போது அப்படித்தான் சத்தம் போடும். டிக். டிக்.

"பாப்பா."

மழைச் சத்தம் என்று நினைத்தாள்.

"பாப்பா. வெக்கையா இருக்கு பாப்பா."

அப்படி அவளைக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான் இருந்தான். அதே இழுப்பு. அதே சளி கட்டிய தொண்டை. எழுந்தாள். எஞ்சின் அருகே போனாள். கை மேசையிலிருந்த நீள ஸ்க்ரூடிரைவரைத் தேடியது. தொட்டது. நின்றது.

"கழட்டு பாப்பா. கொஞ்சமா. ஒரு நட்டு."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஷெட்டின் மறு கோடிக்கு வீசினாள். அது சுவரில் பட்டு மணிபோல அடித்தது.

"எங்கண்ணன் கழட்டச் சொல்ல மாட்டான்" என்றாள். குரல் உடைந்தது, உடைந்ததோடேயே கத்தினாள். "முறுக்குன்னுதான் சொல்லுவான். நீ வேற யாரோ."

சத்தம் நின்றது. சொடுக்குகளும் நின்றன. மழைகூட ஒரு கணம் நின்றதுபோல இருந்தது.

பிறகு கடைசி நட்டு திரும்பியது.

ஓரத்தில் இருந்த பதினான்காவது. இடது பக்கமாக, கால் சுற்று. அவள் கண் முன்னால். அடுத்து எதிர் ஓரத்தில் பதின்மூன்று. முறுக்கும்போது நடுவிலிருந்து வெளியே. கழற்றும்போது வெளியிலிருந்து நடுவுக்கு. டிப்போவில் முதல் வாரம் கற்றுத் தருகிற பாடம். அதற்கு அது தெரிந்திருந்தது.

ரெஞ்சைப் பிடித்துப் பாய்ந்தாள். பதினான்கைத் திருப்பி முறுக்கினாள். டிக். பதின்மூன்று. டிக். அதற்குள் பன்னிரண்டு தளர்ந்தது. முறுக்கினாள். பதினொன்று. முறுக்கினாள். தோள் எரிந்தது. உலோகம் உள்ளங்கையைச் சுட்டது. விடவில்லை. அண்ணி மூன்று வருடம் செய்தாள். அவன் அதற்கு முன் செய்தான். அவர்கள் மூடியது இரும்பு. இது அலுமினியம், கைக்குழந்தையின் கனம், இன்னும் சூடாக, இன்னும் மென்மையாக. மூன்றாவது குழிக்கு மேலே அந்த வழவழப்பான வெள்ளைப் பரப்பு மேலெழும்புவதைப் பார்த்தாள். ஈரத் துணிக்கு அடியில் முகம் எழும்புவதுபோல. நெற்றி. மூக்கு. திறந்த வாய்.

அவள் அதன்மேல் துப்பினாள். உஸ் என்று ஆவியாகியது.

"வா" என்றாள். "வந்து பாரு."

நட்டுகள் நின்றன. பதினான்கும்.

பிறகு பதினான்கும் ஒன்றாகத் திரும்பத் தொடங்கின.

அவளிடம் ஒரு ரெஞ்ச்தான் இருந்தது.

நடு நட்டில் போட்டாள். காலைப் பம்பரில் ஊன்றினாள். முழு உடம்பால் இழுத்தாள். டிக். இழுத்தாள். டிக். சுற்றிலும் பதின்மூன்று நட்டுகள் அவசரமில்லாமல் ஸ்டட்டில் மேலேறி, ஒவ்வொன்றாக விளிம்பு தாண்டி, தரையில் விழுந்து உருண்டன. அவள் குனிந்து பார்க்கவில்லை. கேஸ்கட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தது. அதன் வழியே, ஒன்றை ஒட்டி ஒன்றாக, நான்கு நகங்கள் வெளியே வந்தன. பிறகு விரல்கள், வெளுத்து, ஈரமாக. கிணற்றிலிருந்து ஏறுகிறவன் கைப்பிடிச் சுவரைப் பற்றுவதுபோல அலுமினியத்தின் ஓரத்தைப் பற்றின.

அவள் அந்த விரல்கள் ஹெட்டுக்கு அடியில் நசுங்கும்படி நடு நட்டை முறுக்கினாள். எலும்பு நெரிந்தது. விரல்கள் பின்வாங்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னும் நான்கு வந்தன.